செட் போனால் போகட்டும், நம்பரை விடாதீர்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன்மலையிலிருந்தும் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று என்று உங்களில் பலர் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, லுங்கி, மாத்திரை, சாமி படம் என்று எல்லாவற்றையும் வீட்டில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். செல்போனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறதே என்ற தைரியம். போன இடத்தில் அந்தச் செல்போன் உடைந்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது கள்ளக்குறிச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்துப் பிள்ளைகள் லீவில் வரும்போது கெட்டுப்போன செட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கச்சிராயபாளையம் வழியாக மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. பின்மூடியைக் கழற்றியதுமே அந்தச் செட் எங்கே பாடுபட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். சார்ஜ் பின்னுக்குள் மாவு மாதிரி மணல் அடைந்திருந்தால் வளைகுடா. ஸ்பீக்கர் சல்லடையில் சிமெண்ட் இறுகிக் கிடந்தால் கட்டட வேலை. சிம் தட்டு ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் நாள் முழுக்க வியர்வையில் ஊறிய சட்டைப்பை. பேட்டரி உப்பி, முதுகு பிளந்து நிற்கிற செட்டுகள் பெரும்பாலும் வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்தவை. ஆப்பிள் தன் போன்களை 35 டிகிரி வெப்பம் வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது. வளைகுடாவில் கோடையில் நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும். மனிதன் தாங்கமாட்டான் என்றுதான் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. செட்டுக்கு அப்படி ஓய்வு தர யாரும் இல்லை. அதனால் உடைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்கு என்றைக்காவது ஒருநாள் வரத்தான் போகிறது.

உங்கள் அப்பா, சித்தப்பா காலத்தில் செட் உடைந்தால் பேச்சு மட்டும் நின்றது. வேறொருவர் போனில் இரண்டு நிமிடம் பேசினால் தீர்ந்தது. இன்றைக்கு அடையாளம், பணம், சாட்சி மூன்றும் அந்த ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. சவூதியில் இக்காமா (குடியிருப்பு அனுமதி) விவரம் அப்ஷர் செயலியில் இருக்கிறது. அமீரகத்தில் அரசு காரியம் எதைத் தொட்டாலும் யுஏஇ பாஸ் கேட்கும். சிங்கப்பூரில் வேலை அனுமதியைப் பார்க்க எஸ்ஜி வொர்க் பாஸ். சம்பளம் ஏறிய செய்தி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் செயலி, வேலை ஒப்பந்தத்தின் படம், ஏஜெண்டிடம் கட்டிய தொகைக்கான ரசீதின் படம் எல்லாம் அதே செட்டில்தான். வேலை விஷயத்தில் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசுவதற்கு இருப்பது அந்தப் படங்கள் மட்டும்தான்.

மலையில் இருக்கிற வீடுகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பல ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மரவள்ளிக் காட்டு மேட்டிலோ ரோட்டோரப் பாறையிலோ போய் நின்றால்தான் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி ஏறும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் பேசுவான் என்று மேடேறி நிற்கிற அம்மாவுக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று கேட்டால், செட் உடைந்திருக்கும் என்று தோன்றாது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அவர்களில் 7 பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். செய்தி வந்த அன்றைக்கு வளைகுடாவில் பிள்ளை இருக்கிற வீடுகளெல்லாம் முதலில் கையில் எடுத்தது போனைத்தான். அப்படியொரு நாளில் உங்கள் செட் செத்துக் கிடந்தால் வீடு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். செட் எப்போது சரியாகும் என்பது பிறகு. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று அன்றைக்கே வீட்டுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முதலில் சிம்மைக் கழற்றுங்கள். ஊசி இல்லாவிட்டால் கம்மல் தண்டு போதும். டிஸ்ப்ளே நொறுங்கினாலும், போர்டு செத்தாலும், தண்ணீரில் விழுந்தாலும், சிம்முக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதைத் துடைத்து, அறையில் கூட இருக்கிறவரின் செட்டில் போட்டால் உங்கள் நம்பர் உயிரோடு இருக்கும். ஓடிபி வரும். ஆண்ட்ராய்டில் 2023 அக்டோபரிலிருந்து ஒரே செட்டில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. அதனால் இரண்டு சிம் போடும் செட்டாக இருந்தால் அவருடைய கணக்கைக் கலைக்காமலே உங்கள் நம்பரையும் ஏற்றி, “அம்மா, செட்டு போச்சு, நான் நல்லா இருக்கேன்” என்று குரலைப் பதிவு செய்து அனுப்பிவிடலாம். உங்கள் செட் சரியானதும் மறக்காமல் அங்கிருந்து கணக்கை எடுத்துவிடுங்கள். அமீரகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. பேச அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலியைப் புறப்படும் முன்பே வீட்டு போனிலும் ஏற்றி, அம்மாவுக்கு ஒருமுறை பழக்கிவிட்டுப் போங்கள்.

இ-சிம் என்று இப்போது ஒன்று வந்திருக்கிறது. செட்டுக்குள்ளேயே பதிந்துவிடும், கையால் கழற்ற முடியாது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதலே சிம் தட்டு இல்லை. 2025-இல் வந்த ஐபோன் 17 வளைகுடாவிலும் தட்டு இல்லாமலே விற்கப்படுகிறது. செட் செத்தால் நம்பரும் அதோடு மாட்டிக்கொள்ளும், மீட்கப் பெரும்பாலும் சிம் கம்பெனி கடைக்குப் போக வேண்டியிருக்கும். கையால் உழைத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு, கழற்றி மாற்றக்கூடிய சாதா சிம்தான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. யார் என்ன வசதி சொன்னாலும் உங்கள் ஊர் நம்பரை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

போன நாட்டில் வாங்கிய சிம் தொலைந்தால் பெரிய கவலை வேண்டாம். இக்காமாவோ பத்தாக்காவோ, அந்த நாட்டு அடையாள அட்டை எதுவோ அதை எடுத்துக்கொண்டு நீங்களே கடைக்குப் போனால் அதே நம்பரில் புது சிம் கிடைக்கும். அதற்கு அந்த நம்பர் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முன்னால் போனவர் கொடுத்த சிம், மேஸ்திரி வாங்கிக் கொடுத்த சிம் என்று ஓட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கை விரித்துவிடுவார்கள்.

நம் ஊர் நம்பர் தொலைந்தால்தான் பாடு. புது சிம் வாங்கப் பெரும்பாலும் இங்கே நேரில் வந்தாக வேண்டும். வங்கி, ஆதார், பிஎஃப் எல்லாம் அதில்தான் கட்டிப்போட்டிருக்கிறது. யுபிஐ செயலியைப் புதுச் செட்டில் ஏற்றினால், அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போனால்தான் அது திறக்கும். ரோமிங் திறக்காத சிம்மாக இருந்தால் அங்கிருந்து அந்த எஸ்எம்எஸ் போகாது. புறப்படும் முன் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு கிடையாது. ரீசார்ஜை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கிற நம்பரை முடக்கலாம் என்பது டிராய் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். உங்கள் வங்கிச் செய்திகள் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும்.

நம்பர் பத்திரமான பிறகு செட்டைப் பார்க்கலாம்.

கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா, துபாயில் தேரா, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் என்று ஒவ்வொரு ஊரிலும் நம் சென்னை ரிச்சி தெரு மாதிரி ஓர் இடம் இருக்கும். நேர்மையான கடைக்காரர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் 2014-இல் சிம் லிம் ஸ்கொயரில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வியட்நாமிலிருந்து சுற்றுலா வந்த ஓர் ஆலைத் தொழிலாளி, தன் காதலிக்காக ஐபோன் 6 வாங்க 950 வெள்ளி கட்டினார். அவருடைய மாதச் சம்பளமே 200 வெள்ளி அளவுதான். காகிதத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கட்டு என்றார்கள். பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று அந்த மனிதர் கடைத் தரையில் மண்டியிட்டு அழுதார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது. பலரை இப்படி ஏமாற்றிய அந்தக் கடைக்காரருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறை விழுந்தது. சட்டம் கடுமையாக இருக்கிற ஊரிலேயே, மொழி தெரியாதவர் தனியாகக் கையெழுத்துப் போட்டதால் நடந்தது இது.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரோடு போங்கள். செட்டைத் திறப்பதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் காசு உண்டா என்றும் கேளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டுதான் செட்டைக் கொடுக்க வேண்டும். டிஸ்ப்ளே காம்போ மாற்றவும் பேட்டரி மாற்றவும் உங்கள் பின் நம்பர் யாருக்கும் தேவையில்லை. மாற்றிய பிறகு டச் வேலை செய்கிறதா என்று நீங்களே திறந்து காட்டினால் போதும். சாம்சங், பிக்சல் செட்டுகளில் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது உங்கள் படங்களையும் செய்திகளையும் மறைத்து வைக்கிற வசதியே இருக்கிறது, புறப்படும் முன் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். இங்கே வாங்கிய செட்டுக்கு அங்கே உத்தரவாதம் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில் மட்டும்தான் இலவசமாகப் பார்க்கும்.

டிஸ்ப்ளே தெரிகிறது, டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கடைக்கு ஓடும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். ஓடிஜி என்று விரல் நீளத்தில் ஒரு சின்ன இணைப்பு விற்கும். அதைச் சார்ஜ் பின்னில் செருகி, கம்ப்யூட்டர் மவுஸை மாட்டினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு செட்டுகளில் திரையில் ஓர் அம்புக்குறி வந்து நிற்கும். மவுஸால் ஒவ்வோர் எண்ணாகச் சொடுக்கிப் பூட்டைத் திறந்து, படங்களையும் காகிதங்களையும் வேறு இடத்துக்கு ஏற்றிவிடலாம். என் மேசைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் கேட்பது, “அண்ணா, செட்டு போனா போவுது, உள்ள இருக்கிற போட்டோவ மட்டும் எடுத்துக் குடுங்க” என்பதைத்தான். அந்த வேலையை ஒரு மவுஸே செய்துவிடும்.

தண்ணீரில் விழுந்தால் அரிசியில் புதைக்காதீர்கள். ஆப்பிள் 2024-இல் வெளிப்படையாகவே வேண்டாம் என்று எழுதிவிட்டது. அரிசித் துகளும் தவிடும் பின்னுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உடனே அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, சார்ஜ் பின் கீழே பார்க்கும்படி காற்றாடும் இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் போர்டு ஷார்ட் ஆகும், அதற்குப் பிறகு வேலையும் கூடும், செலவும் கூடும். பேட்டரி உப்பிய செட்டை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தலைமாட்டில் வைத்துப் படுக்காதீர்கள். பத்துப் பேர் படுக்கிற அறையில் அது நெருப்பு. அதை விமானத்திலும் ஏற்றக் கூடாது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸில் 2025 அக்டோபரிலிருந்தும் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடவும் தடை.

ஸ்மார்ட்போனை நம்பியிராத இரண்டு பொருள்கள் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். ஒன்று, பட்டன் வைத்த சின்ன செட். பழையதாக இருந்தாலும் போதும். போகிற நாட்டில் அதற்கு டவர் எடுக்குமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய பட்டன் செட்டுகள் பல 2ஜியில் மட்டும்தான் ஓடும், சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே நின்றுவிட்டது.

இன்னொன்று காகிதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அம்மா நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், மலைக்காரர்களுக்குக் கீழே சிக்னல் உள்ள ஊரில் இருக்கிற சொந்தக்காரர் நம்பர், ஏஜெண்ட் நம்பர், கம்பெனி முகவரி, இந்தியத் தூதரகத்தின் நம்பர் எல்லாவற்றையும் பேனாவால் எழுதுங்கள். செட்டில் *#06# அடித்தால் வருகிற ஐஎம்இஐ எண்ணையும் எழுதுங்கள். ஜிமெயிலில் அவசரத்துக்கென்று 8 இலக்கத்தில் 10 குறியீடுகள் தருவார்கள், செட் இல்லாத நேரத்தில் கணக்கைத் திறக்கும் சாவி அவை. அவற்றையும் எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு நான்குக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பிரதி உங்களிடமும் ஒரு பிரதி வீட்டிலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்கு அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். அதோடு வருகிற பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் உண்டு. அந்தப் பாலிசி எண் செட்டுக்குள் மட்டும் இருந்து, செட்டும் போய்விட்டால், குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

வீட்டு வேலைக்குப் போகிற தங்கைகளுக்கும் அக்காக்களுக்கும் தனியாக ஒரு சொல். இசிஆர் பாஸ்போர்ட்டில் அந்த 18 நாடுகளுக்குப் போக உங்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும், வயதைத் திருத்தி அனுப்புகிற ஏஜெண்டை நம்பாதீர்கள். கேம்பில் இருக்கிற ஆண்களுக்கு செட் உடைந்தால் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு செட் இருக்கிறது. நீங்கள் ஒரு வீட்டுக்குள் தனியாக இருப்பீர்கள். உங்களுக்கு அந்த பட்டன் செட்டும் காகிதமும் கட்டாயம். இரண்டு நம்பரையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூர் நகரங்களில் இந்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் உதவி நம்பர் அந்தக் காகிதத்தில் முதல் வரியாக இருக்கட்டும்.

வீட்டில் இருக்கிறவர்களிடமும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். “அம்மா, என் போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர், அவசரமா பணம் அனுப்பு” என்று பிள்ளை எழுதுவது போலவே எழுதிப் பணம் பறிக்கிற கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் 2022 வாக்கில் ஆயிரக்கணக்கான பெற்றோர் இதில் ஏமாந்தார்கள். உங்கள் செட் உண்மையிலேயே உடையும் நாளும் இதே வாக்கியத்தைத்தான் நீங்கள் எழுதுவீர்கள், அதனால்தான் இது ஆபத்து. குடும்பத்துக்குள் ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். முதல் மாட்டின் பெயர், பாட்டி கூப்பிடும் செல்லப்பெயர் என்று வெளியார் யாருக்கும் தெரியாதது எதுவானாலும் சரி. புது நம்பரிலிருந்து யார் பணம் கேட்டாலும் அந்தக் கேள்விக்குக் குரலில் பதில் வந்த பிறகுதான் பணம் போக வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேச வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஏற்கெனவே அங்கே இருக்கிற அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிற பையன் செட் உடைந்து நிற்கும்போது, அவன் சிம்மை உங்கள் செட்டில் போட ஒரு மணி நேரம் கொடுங்கள். புதுச் செட்டுக்கு மேஸ்திரியிடம் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கடன் சம்பளத்தில் பிடித்து முடிய மாதக்கணக்கில் ஆவதை நான் பார்த்திருக்கிறேன். புறப்படுகிறவர்களுக்கு அரசு நடத்துகிற முன்பயிற்சி வகுப்புகளிலும் இந்த சிம், காகிதம், வீட்டுக் கேள்வி மூன்றையும் அரை மணி நேரம் சொல்லித் தர வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

பயணத் தேதி முடிவானதும் செட்டோடும், ஒரு வெள்ளைத் தாளோடும், முடிந்தால் அம்மாவோடும் கடைக்கு வாருங்கள். ரோமிங்கைத் திறந்து, குறியீடுகளை எழுதி, மவுஸ் மாட்டிப் பார்த்து அனுப்புகிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர் சர்வீஸ் கடைக்கார அண்ணன்